துண்டுக்குள் முடித்த தொகை

மாமா,

இன்று காலை குஜிலியம்பாறைப் பக்கத்து வெங்காயக்காரர் ஒருவர் குடோனுக்கு வந்து காலிச் சாக்கு எடுத்துப்போனார். போனவர் தோள்துண்டைச் சாக்குக் கட்டின் மேலேயே விட்டுவிட்டார். எடுத்து மடிக்கப் போனேன். மாட்டு வாடையும் புகையிலை வாடையும் சேர்ந்து அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்திருந்தால் உங்கள் துண்டு என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு விஷயம் இருக்கிறது. நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. இப்போது எனக்கு மட்டும்.

உங்கள் மகன் என்னையும் பாப்பாவையும் விட்டுவிட்டுப் போனபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. ஏன் போனார் என்பதை இங்கே கிளற வேண்டாம். நான் தீவனக் கடைகளில் காலிச் சாக்கு வாங்கி, கிழிசலைத் தைத்து மண்டிக்கு விற்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஊரில் நாலு பேரை வைத்துப் பேசலாம் என்று நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். நான் வரவில்லை. உங்கள் மேல் மரியாதை இல்லாமல் இல்லை. நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்ட பணத்தை மூன்றாம் மாதம் கட்டாமல் விட்டால் யார் போய்க் கேட்பது? அந்த நாலு பேரில் இரண்டு பேர் உங்களுக்கு மச்சான் முறை. அதனால் திண்டுக்கல் கோர்ட்டில் பாப்பாவுக்கும் எனக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டேன்.

வக்கீலம்மா முதல் நாளே விளக்கிவிட்டார். அப்பன் என்ன சம்பாதிக்கிறான், அம்மா என்ன சம்பாதிக்கிறாள், பிள்ளைக்கு என்ன செலவு, அப்பனோடு இருந்தால் அது எப்படி வளர்ந்திருக்கும், இதையெல்லாம் பார்த்துத்தான் தொகை போடுவார்களாம். இரண்டு பேரும் வரவு, சொத்து, செலவு எல்லாவற்றையும் எழுதி, உண்மை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் வரும்படியைக் குறைத்து எழுதச் சொல்லாத ஆள் இல்லை. நான் உள்ளதைத்தான் எழுதினேன். நல்ல புத்தி என்று நினைத்துவிடாதீர்கள். குறைத்து எழுதினால் எதிர்ப்பக்கத்து வக்கீல் என் குடோனில் வந்து சாக்கு எண்ணுவார் என்று தெரியும்.

உங்கள் மகன் எழுதிக் கொடுத்தது என்ன? தினக்கூலிக்கு வண்டி ஓட்டுகிற டிரைவர், சொத்து ஒன்றும் இல்லை. மாடும் வெங்காயமும் ஏற்றுகிற லோடு வண்டிகள் எல்லாம் உங்கள் பேரில் இருந்தன. காகிதப்படி அவர் எழுதியது சரி. கோர்ட்டும் காகிதத்தைப் பார்த்து இடைக்காலமாக ஒரு சின்னத் தொகை போட்டது. அது பாப்பாவுக்குப் பள்ளிக்கூட வேன் வாடகைக்கே காணாது. மீதி முழுவதும் அந்த வண்டிகள் யாருடையவை என்ற ஒரு கேள்வியில் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கோர்ட் வராந்தாவில் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏத்தா, செத்த நேரம் இங்கிட்டு வா."

"சொல்லுங்க மாமா."

"இன்னும் எம்புட்டு நாளைக்கு இந்தப் படி ஏறி எறங்குவ? உனக்கும் பாப்பாவுக்கும் சேத்து ஒரே தொகையா முடிச்சுக்குவோம். அதோட கேஸையும் முடிச்சுக்க."

"எம்புட்டு?"

நீங்கள் சுற்றும் முற்றும் பார்த்தீர்கள். வக்கீல்கள், போலீஸ்காரர், டீ வாளி தூக்கி வருகிறவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு என் பக்கம் நீட்டினீர்கள்.

"கையக் கொடு."

"என்ன மாமா, நான் என்ன கெடேரியா பிடிக்க வந்திருக்கேன்?"

"வாயால சொன்னா அம்புட்டுப் பேரு காதுலயும் விழும். கொடு ஆத்தா."

நீங்கள் மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் கை கோத்து, விரலைப் பிடித்தும் அழுத்தியும்தான் பேசுவது. எத்தனை பேர் சுற்றி நின்றாலும் விலை அந்த இரண்டு கைக்குத்தான் தெரியும். முடிந்த விலையை வெளியே சொன்ன தரகருக்கு மறு சந்தையில் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். பொம்பளைக்கு அந்தத் துண்டை நீட்டுகிற வழக்கமே கிடையாது. அதுவும் மருமகளுக்கு. சந்தையில் யாராவது பார்த்திருந்தால் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

நான் கையைக் கொடுத்தேன். உங்கள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. நீங்கள் ஒரு விலை சொன்னீர்கள். நான் ஒரு விரல் கூட்டிப் பிடித்தேன். நீங்கள் உதறினீர்கள். நான் விடவில்லை.

"யாத்தே, நீ என்னையவே வித்துப்புடுவ போலயே."

"உங்கள யாரு மாமா வாங்குவா?"

சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் அழுத்தினீர்கள். முடிந்தது. அன்று எனக்கு அது நல்ல விலையாகவே பட்டது. பெரிய குடோனுக்கு முன்பணம், இரண்டு தையல் மிஷின், பாப்பா பேரில் கொஞ்சம். வியாபாரிக்குக் கையில் வருகிற மொத்தப் பணம் எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

உள்ளே போனோம். ஜட்ஜம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்கள். சமரசம் ஆகிவிட்டது என்று உங்கள் வக்கீல் சொன்னார். தொகை அவருக்கே தெரியாது. "எவ்வளவு?" என்று கேட்டார்கள். அவர் உங்களைப் பார்த்தார்.

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "அதச் சொல்லக் கூடாதுங்கம்மா."

"யார் சொல்லக் கூடாது?"

"நானும் சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளையும் சொல்லக் கூடாது. துண்டுக்குள்ள முடிஞ்சதுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா என்னைப் பார்த்தார்கள். வக்கீலம்மா என் முழங்கையைக் கிள்ளினார். நானும் சொல்லக் கூடாதுதான் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஜீவனாம்சம் கேட்டு வந்து, கிடைத்த தொகையைக் கோர்ட்டுக்குச் சொல்லாமல் நின்ற ஜோடி நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

ஜட்ஜம்மா கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம்தான் பேசினார்கள். "உங்களுக்கு வர வேண்டியதை நீங்க விட்டுக்கொடுக்கலாம், முடிச்சுக்கலாம். அது உங்க இஷ்டம்மா. குழந்தைக்கு வர வேண்டியதை முடிச்சுவைக்க நீங்க யாரு? அவ வளர வளரச் செலவும் வளரும். ஒரு தொகையை வாங்கிக்கிட்டு, இனிமே அப்பாகிட்ட எதுவும் கேட்க மாட்டான்னு அவளுக்காக நீங்க எழுதித் தர முடியாது. தந்தாலும் செல்லாது." சமரசத்தைப் பதியவில்லை. சாட்சி விசாரணைக்குத் தேதி போட்டார்கள்.

வெளியே வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "பேச்சு முறிஞ்சாலும் பேசுன வெல வெளிய போகக் கூடாதுத்தா."

"போகாது மாமா."

நம்மிரண்டு பேருக்கும் தெரிந்த தொழிலில் மாடோ சாக்கோ கை மாறினால் கணக்குத் தீர்ந்தது. அதே கணக்கை ஒரு பிள்ளைக்கும் போட்டுப் பார்த்திருக்கிறோம். அந்த ஜட்ஜம்மா இல்லையென்றால் பாப்பாவின் கேஸ் அன்றே முடிந்திருக்கும். நான் சந்தோஷமாகக் குடோனுக்கு முன்பணம் கொடுத்திருப்பேன்.

அடுத்த தேதிக்கு நீங்கள் உங்கள் மகனின் சாட்சியாகக் கூண்டில் ஏறினீர்கள். வக்கீலம்மா கேட்டார், "வண்டியெல்லாம் யாருடையது?" "என்னுதுதாங்க," என்றீர்கள். பொய்யில்லை. வண்டிப் புத்தகத்தில் உங்கள் பேர்தான். வக்கீலம்மா அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று நான் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன்.

"சந்தையில வண்டிக்கு வாடகை பேசறப்ப, துண்டுக்குள்ள போற கை யாரு கை?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். இந்தக் கேள்வி எந்தக் குடோனிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பார்வை அது. அதன் பிறகு உங்கள் வலது கையைப் பார்த்தீர்கள். பேர் யார் பேரில் இருந்தாலும் அது காகிதம். கை விஷயத்தில் பொய் சொன்னதாகச் சந்தையில் ஒரு பேச்சு கிளம்பினால் உங்கள் தொழில் அன்றோடு சரி.

"அவன் கைதான்," என்றீர்கள்.

"வாடகைப் பணம்?"

"கை கொடுத்தவந்தான வாங்குவான்."

உங்கள் மகன் பின்னாலிருந்து, "யப்பா!" என்று பல்லைக் கடித்தார்.

"ஏலே, என் கைய வச்சே பொய் சொல்லச் சொல்றியா?" என்று கூண்டிலிருந்தே கேட்டீர்கள். டவாலி இரண்டு பேரையும் அதட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் உங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கவில்லை. "உனக்காகச் சொல்லல. கையப் பத்திக் கேட்டா, சொன்னேன். அம்புட்டுத்தான்." வேடசந்தூர் பஸ்ஸில் ஏறிப்போய்விட்டீர்கள். நானும் அதை உபகாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்துதான் கேட்கச் சொன்னேன்.

தீர்ப்பில் வண்டி வாடகையைக் கணக்கில் எடுத்து, மனு போட்ட தேதியிலிருந்தே மாதாமாதம் இவ்வளவு என்று போட்டார்கள். வேன், பள்ளிக்கூடம், துணிமணி எல்லாவற்றுக்கும் நான் போடுவதில் பாதிக்கு மேல் அது தாங்கியது. உங்கள் மகன் கொஞ்ச மாதம் கட்டினார், நிறுத்தினார். பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள் மனு போடாவிட்டால் வாரண்ட் கேட்க முடியாது என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். நான் மூன்றாம் மாதமே போட்டேன். வாரண்ட் ஆனது. உங்கள் மகன் டீக்கடையில், "ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்தா பாக்கி தீந்துச்சு," என்று பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். உள்ளே போய் வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும் என்று அவருடைய வக்கீலே சொன்ன பிறகுதான் முகம் மாறியதாம்.

மறுநாள் மஞ்சள் பையோடு நீங்கள் என் குடோனுக்கு வந்தீர்கள்.

"இந்தாத்தா, அவன் பாக்கி அம்புட்டும் இருக்கு. எண்ணிக்க."

"இங்க வேணாம் மாமா. பேங்குல என் கணக்குல கட்டுங்க, சீட்ட கோர்ட்டுல காட்டுங்க."

"என் கைய நம்பலியா?"

"நம்புறேன். உங்க கை கொடுத்ததுக்கு நாளைக்குச் சாட்சி வேணும்ல. உங்க மகனுக்கும் அதான் நல்லது."

உங்களுக்கு முகம் கறுத்துவிட்டது. கையில் கொடுத்த பணத்தை ஒருவர் திருப்பித் தள்ளியது அதுதான் உங்களுக்கு முதல் தடவையாக இருக்கும். ஆனாலும் என்னோடு பேங்குக்கு வந்தீர்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றீர்கள். ரசீதை வாங்கித் துண்டின் நுனியில் முடிந்துகொண்டீர்கள். பாப்பாவுக்கென்று ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, "இதுக்கும் சீட்டு வேணுமா?" என்றீர்கள்.

அப்புறமும் பணம் நின்றது உண்டு. நின்றபோதெல்லாம் மனு போட்டேன். பாப்பா மேல் வகுப்புக்குப் போனபோது செலவுச் சீட்டுகளைக் கொண்டுபோய்த் தொகையைக் கூட்டித் தரக் கேட்டேன். கூட்டினார்கள். இதுவரை வந்தது மொத்தமும் அன்று துண்டுக்குள் முடித்த தொகையைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வரவில்லை. உங்கள் மகனோடு உறவு அறுந்த பிறகு வர எனக்கு அங்கே முறையும் இல்லை. பாப்பா வந்தாள். அவளுக்கு நீங்கள் தாத்தாதான், அதை எந்தக் கோர்ட்டும் பிரிக்கவில்லை. அங்கே உங்கள் சந்தைக் கூட்டாளிகள் கோர்ட்டில் தொகை சொல்லாமல் நின்ற கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த பாப்பா வீட்டில் கைகூடக் கழுவவில்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளை, கேள்வியும் கல்லூரிக் கேள்விதான்.

"ஏம்மா, நீயும் தாத்தாவும் என்னைய எம்புட்டுக்கு முடிச்சீங்க?"

"அதச் சொல்லக் கூடாது."

"தாத்தாதான் போயிட்டாரே."

"நான் இருக்கேன்ல."

அவள் விடவில்லை. துப்பட்டாவை எடுத்துக் கைமேல் போட்டு, உங்களைப் போலவே நீட்டினாள். "அப்பக் கையிலயாச்சும் சொல்லு."

அந்தத் தொகை என் விரல்களில் இன்னும் இருக்கிறது, மாமா. எந்த விரல், எத்தனை அழுத்தம், எல்லாம். வக்கீலம்மாவிடம் சொன்னதில்லை, உங்கள் மகனிடம் சொன்னதில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தனக்கு ஒரு நாள் ஒரு விலை முடிந்தது, அது இன்ன விலை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. நல்ல விலையாக இருந்தாலும்.

துப்பட்டாவுக்குள் கையை விட்டேன். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எதையும் அழுத்தவில்லை.

"என்னம்மா, சும்மா பிடிச்சுக்கிட்டே இருக்க?"

"வெல படியல," என்றேன். "போ, போய்க் கை கழுவிட்டுச் சாப்பிடு."