வெள்ளைச் சைக்கிள் வைரவர்

புரோசார்ட்
28 அக்டோபர் 2023

முகம் தெரியாத உங்களுக்கு,

வணக்கம். ரயில் பாலத்துக்குக் கீழே, சிக்னல் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் இந்த வெள்ளைச் சைக்கிளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். ஹேண்டில்பாரில் திருநீற்றுப் பொட்டலம். அதைத் தமிழ்க் காலண்டர் தாளில் மடித்திருந்ததால் தமிழிலேயே எழுதுகிறேன்.

தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இது கோயில் இல்லை. போன வருஷம் இதே இடத்தில், வலது பக்கம் திரும்பிய ஒரு லாரியில் அடிபட்டு என் மகன் சுஹாஸ் இறந்துபோனான். சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்படி ஒருவர் இறந்த இடத்தில் வெள்ளைச் சைக்கிள் ஒன்றைக் கட்டிவைப்பது இந்த ஊர் வழக்கம். பெயர்ப் பலகையும் மாட்டியிருந்தார்கள். அவன் பெயர்மேல் சாலைச் சேறு தெறிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

சனிக்கிழமைகளில் இங்கே வருகிறேன். அடுத்த முறை அந்தப் பழங்கள் இருக்கக் கூடாது.

அனுசூயா அனந்தராமன்


மொன்ட்ரியால்-நோர்
30 அக்டோபர் 2023

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நீங்கள் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்ட கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். என் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. சத்தியமாக எனக்குத் தெரியாது.

நான் யாழ்ப்பாணம். இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் பக்கம் சந்திகளில் வைரவர் இருப்பார். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். கடந்து போகிறவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். இங்கே வெள்ளைப் பூச்சையும் பூவையும் மெழுகுதிரியையும் பார்த்துவிட்டு, இந்த ஊர்ச் சனமும் சந்திக்கு ஒரு வைரவரை வைத்திருக்கிறார்கள், அவர் சைக்கிள் ரூபத்தில் நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். இப்படியும் ஒரு மடைச்சி இருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறாள்.

நான் ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். அதற்கு முதல் அடுப்பு மூட்ட வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்று வந்தால் மற்றது வராது. இனிப் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் சைக்கிள். அந்தப் பாலத்துக்குக் கீழே வந்தாலே பிரேக்கைப் பிடித்துவிடுவேன். ஒவ்வொரு காலையும் "வைரவா, என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டிடு" என்று கேட்பேன். விட்டார். அந்த நன்றிக்குத்தான் சரஸ்வதி பூசையன்று சந்தனமும் தேசிக்காயும்.

இவ்வளவு நாளும் உங்கள் மகனிடமா கேட்டுக்கொண்டிருந்தேன்? நினைக்க உடம்பெல்லாம் கூசுகிறது. இனிக் கேட்க மாட்டேன். ஆனால் கேட்காமல் அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்றும் தெரியவில்லை.

சாம்பவி


புரோசார்ட்
4 நவம்பர் 2023

அன்புள்ள சாம்பவிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனாலேயே பிறகு வெகுநேரம் அழுதேன். என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். "நம்ம சுஹாஸா? பைரவரா? நெத்தியில விபூதி வெச்சா ஆபீஸ்ல கேப்பாங்கன்னு வாசல்லயே அழிச்சுட்டுப் போவானே!" என்றார். அவன் பெயரை இந்த வீட்டில் அவர் சொல்லியே பல மாதம் ஆகிறது.

சைக்கிளில் திருநீறு வைத்துக்கொள். பழம் மட்டும் வேண்டாம், அழுகி ஈ மொய்க்கிறது.

ஒன்று கேட்கிறேன். குளிர்காலத்திலும் சைக்கிளிலா போகப்போகிறாய்? வேண்டாம் அம்மா. பஸ் வராவிட்டால் வராமல் போகட்டும், வேலை போனால் போகட்டும். இன்னொரு வெள்ளைச் சைக்கிளை அந்தக் கம்பத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உன் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் காலையில் விழிப்பு வந்ததும் உன்னை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

போன் நம்பர் எழுதாதே. போனில் என்னால் பேச முடியாது. எழுதினால் முடிகிறது.

அனுசூயா


மொன்ட்ரியால்-நோர்
4 டிசம்பர் 2023

அன்புள்ள அனுசூயா அன்ரிக்கு,

அன்ரி என்று எழுதலாம்தானே? உங்கள் பேச்சைக் கேட்டு இரண்டு கிழமை பஸ்ஸில் போனேன். மூன்று நாள் பிந்தினேன். கடைசி நாள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் எல்லாரும் வெறுங்கோப்பையோடு மேசையில் இருந்து என்னைப் பார்த்தார்கள். மறுநாள் மறுபடியும் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

ஆணி பதித்த டயர் போட்டிருக்கிறோம். தலையில் ஒரு லைற், முதுகில் ஒரு லைற், சக்கரத்தில் இரண்டு. கல்யாணப் பந்தல் மாதிரித்தான் போகிறேன். அப்படியும் பயம் போகவில்லை. பாலத்திலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே கண்ணாடியாக உறைந்து கிடக்கிறது. இன்று சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு லொறி வந்து நின்றது. அதன் டயர் என் தோளுயரம். விளக்கு மாறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். என் கணவர் ரதீசன் லொறிதான் ஓட்டுகிறார். உங்கள் மகனை அடித்த லொறி இல்லை, அந்த ஆளும் இல்லை. அப்போது அவர் ரொறொன்ரோ ஓட்டத்தில் இருந்தார். ஆனால் லொறிதான். எங்கள் வீட்டுச் சோறு அதில்தான் வருகிறது.

உங்கள் சாம்பவி


மொன்ட்ரியால்-நோர்
9 ஜனவரி 2024

அன்புள்ள அன்ரிக்கு,

என் கடிதத்தை எடுத்துப் போயிருக்கிறீர்கள். அதன் பிறகு பை வெறுமையாகவே கிடக்கிறது. ஒவ்வொரு காலையும் கையை விட்டுப் பார்க்கிறேன்.

நேற்று வழித்த பனியை எல்லாம் சைக்கிள்மேல் குவித்துவிட்டார்கள். ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. கையாலேயே தோண்டி எடுத்தேன். பனி அள்ளும் லொறிகள் வரிசையாக நின்று சைரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் திரும்பிப் பார்த்தேன். தோண்டி முடித்துவிட்டுத்தான் போனேன்.

நீங்கள் கோபம் என்றால் அது நியாயம். பேச மாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், போதும். உங்களுக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்றுதான் பயமாக இருக்கிறது.

சாம்பவி


புரோசார்ட்
20 ஜனவரி 2024

சாம்பவி,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லொறி என்ற அந்தச் சொல்லைப் படித்ததும் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நீ கையால் பனி தோண்டியதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

உன் கணவரிடம் எனக்காக ஒன்று கேட்பாயா? விசாரணையில் எல்லாம் பிரெஞ்சில் படம் போட்டுக் காட்டினார்கள். என் கணவர் குறிப்பு எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. பக்கத்தில் சுஹாஸ் இருப்பது தெரிந்தும் அந்த ஆள் திருப்பினானா? அவன் கையைக் காட்டியிருப்பான், கத்தியிருப்பான். அது மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்காதா?

பதில் எதுவானாலும் எழுது. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக மாற்றி எழுதாதே.

அனுசூயா


மொன்ட்ரியால்-நோர்
12 பெப்ரவரி 2024

அன்புள்ள அன்ரிக்கு,

உங்கள் கேள்வியை ரதீசனுக்கு வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார். நேற்று ஞாயிற்றுக்கிழமை, "வெளிக்கிடும், லொறி நிக்கிற இடத்துக்குப் போட்டு வருவம்" என்றார். சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

லொறியின் வலது பக்கம், முன்கதவுக்குச் சற்றுப் பின்னால் என்னைச் சைக்கிளோடு நிற்கச் சொன்னார். "நீர் உதிலை நில்லும். கையை ஆட்டும், கத்தும், என்ன வேணுமெண்டாலும் செய்யும்" என்று சொல்லி மேலே ஏறி, கதவுக் கண்ணாடியை உயர்த்தி மூடி, இயந்திரத்தை ஓடவிட்டார். நான் கையை ஆட்டினேன். "இஞ்சேரப்பா! இஞ்சேரப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லொறி நகரவே இல்லை அன்ரி. அது நகராது என்று எனக்குத் தெரியும். அப்படியும் அதன் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "எங்கை நிக்கிறீர்? இன்னும் போகேல்லையே அந்த இடத்துக்கு?" என்று கேட்டார். நான் அதே இடத்தில்தான் நின்றேன்.

இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அந்த ஆளுக்கு அந்தத் தம்பியைத் தெரிஞ்சிருக்காது. சத்தமும் கேட்டிருக்காது. ஆனா திரும்ப முதல், முன்னாலை வரேக்கை ஒரு சைக்கிளைக் கடந்தனானே, அது எங்கை போட்டுது எண்டு யோசிச்சிருக்கோணும். நாங்கள் எல்லாரும் யோசிக்கோணும். அதையும் எழுதும்" என்றார். எழுதிவிட்டேன். ஒன்றும் மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து, சைக்கிளை விட்டுவிடும்படி கெஞ்சினார். என்னால் முடியாது என்றேன். ஒன்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்தேன். லொறிக்குப் பக்கத்தில் இனி ஒருநாளும் நிற்க மாட்டேன். விளக்கு பச்சையானாலும் சரி, பின்னால்தான்.

சாம்பவி


புரோசார்ட்
17 பெப்ரவரி 2024

அன்புள்ள சாம்பவிக்கு,

படித்தேன். அந்த ஓட்டுநரை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. ஆனால் தெரிந்தே செய்தான் என்று படுத்த பிறகெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நினைப்பு போய்விட்டது. ரதீசனிடம் என் வணக்கத்தைச் சொல்.

நான் சனிக்கிழமைகளில் அங்கே வந்து என்ன செய்கிறேன் தெரியுமா? லாரிச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறேன். என் பிள்ளை விழுவதை மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதே இடத்தை ஒருவர் முழுசாகக் கடந்து போவதை ஒரு தடவைகூடக் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை வருகிறேன். நீல ஓவர்கோட் போட்டிருப்பேன். நீ நிற்காதே, இறங்காதே, என்னோடு பேச வராதே. வேலைக்குப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டே இரு. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

அனுசூயா


மொன்ட்ரியால்-நோர்
21 பெப்ரவரி 2024

அன்புள்ள அன்ரிக்கு,

நீங்கள் சொன்னபடி நான் நிற்கவில்லை. தூரத்திலேயே நீல நிறம் தெரிந்தது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற நினைப்பில், அன்றாடம் படும் பயம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது.

பிறகு பனி அள்ளும் லொறி ஒன்று வந்தது. வலது பக்கம் விளக்கு மின்னியது. நான் பிரேக் பிடித்து அதற்குப் பின்னால் போய் நின்றேன். நீங்கள் கையால் வாயைப் பொத்தியதைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை, அதையும் பார்த்தேன். லொறி திரும்பிப் போனது. ரோட்டு வெறுமையானது. நான் மிதித்துக் கடந்து, அந்தப் பக்கம் போய் மணி அடித்தேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்திருந்தால் இறங்கி ஓடி வந்திருப்பேன், அதனால் பார்க்கவில்லை. கார்டெரி வாசலில் இறங்கும்போதுதான் நினைவு வந்தது, இன்று வைரவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

பின்னேரம் திரும்பி வரும்போது இறங்கினேன். பெயர்ப் பலகையை மறுபடியும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். பெயர் தெரிந்த பிறகு வைரவா என்று கூப்பிட வாய் வரவில்லை. "சுஹாஸ் தம்பி, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பலகையில் சேறு பட்டால் காலையில் நான் துடைத்துவிடுவேன். நீங்கள் அதைப்பற்றி யோசிக்க வேண்டாம்.

உங்கள்
சாம்பவி