முடிச்சூர்க்காரர்களிடம் நாம் கேட்ட கடிதம்

அக்கா,

முடிச்சூரிலிருந்து ஏழு குடும்பம் ஆண்டவரைத் தேடி நம் சபைக்கு வந்தது. "முந்தைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி நாம் திருப்பி அனுப்பினோம். அதற்கு முன் எந்தச் சபையின் வாசலையும் மிதித்திராதவர்களிடம் கேட்டோம். அது அநியாயம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள். விடமாட்டேன்.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் ஹாலில் ஒரு கருத்தரங்கு. புது பெயிண்ட் வாசனையில் தலை வலித்தது. வெளியூரிலிருந்து வந்த போதகர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "நம் சபை வெளியே போய் நற்செய்தி சொல்லத் தடையாக இருப்பது எது?" என்று எழுதச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் 'நேரமின்மை' என்று எழுதினார். முன்னால் இருந்தவர் 'பஸ் வசதி இல்லை' என்று எழுதினார். முடிச்சூருக்கு பஸ் வசதி இல்லையாம்! நீங்கள் எத்தனை வருஷம் அந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனீர்கள். நான் ஒன்றும் எழுதாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. கேட் வரை போவதும் திரும்புவதுமாக இருக்கிறேன். உங்களுக்கு எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நம் சபை எப்படி வளர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கே திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் தாம்பரத்தில் மனை வாங்கினார்கள். வீடு கட்டிக் குடிவந்த முதல் ஞாயிறே, ஊர்ச் சபையின் மாற்றுக் கடிதத்தைச் செக்ரட்டரி கையில் கொடுப்பார்கள். அவர் அதைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசிப்பார். "சபை பெருகுது பாருங்க" என்று எல்லோரும் கைகுலுக்குவார்கள். இன்னொரு சபையில் குறைந்தது இங்கே கூடியது, அவ்வளவுதான். ஊர்விட்டு வந்தவர்கள் ஒரு சபை வேண்டுமென்று தேடியது தப்பில்லை. அதையே நற்செய்திப் பணி என்று எண்ணிக்கொண்டதுதான் தப்பு.

நீங்கள் ஒரு நர்ஸ். முடிச்சூரில் பிரசவம் பார்க்கப் போன வீடுகளுக்கே ஞாயிறு மதியம் மறுபடி போனீர்கள். குழந்தையை விசாரித்தீர்கள், கேட்டால் ஜெபித்தீர்கள், கேட்காவிட்டால் மோர் குடித்துவிட்டு வந்தீர்கள். மூன்று வருஷம். சில வாரம் நானும் உங்களோடு வந்தேன். செங்கல் சூளையில் வேலை பார்த்த சரோஜாதான் ஒருநாள், "எப்பப் பாத்தாலும் நீயே வந்துகினு கீற. உங்க கோயிலு எப்டி கீதுன்னு நாங்க வந்து பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு ஏழு குடும்பமும் வந்து நின்றது. செக்ரட்டரி நல்ல மனிதர்தான், ஆனால் பதிவேட்டுக்கு வெளியே அவருக்கு உலகம் கிடையாது. "எந்தச் சபை? லெட்டர் இருக்கா?" என்றார். சரோஜா உங்களைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா லெட்டரு அக்கா? ரேஷன் கார்டு கீது, எடுத்தாந்துடவா?" வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரம் கமிட்டி கூடியது. நானும் அதில் ஓர் அங்கத்தினர். நான் ஆறாவதோடு நின்றவன். பல்லாவரத்தில் தோல் கம்பெனி பாய்லர் முன்னால் நின்றுகொண்டே வேதாகமத்தை எழுத்துக் கூட்டிப் படித்தவன். சபைச் சட்டப் புத்தகத்தையும் அப்படித்தான் மூன்று முறை படித்திருந்தேன். கடிதம் வேறு சபையிலிருந்து வருகிறவர்களுக்கு; புதிதாக வருகிறவர்களுக்கு ஞானஸ்நான வகுப்பு. பக்கத்தைத் திறந்து காட்டினேன். "ரூல் எங்களுக்கும் தெரியும்வே. இன்னைக்கு ஏழு குடும்பம், நாளைக்கு ஊரே வரும். எங்க உட்கார வைக்க?" என்றார் செக்ரட்டரி. இடமில்லை என்பதல்ல, யார் பக்கத்தில் என்பதுதான் உண்மையான காரணம். அவர்கள் எந்தத் தெரு, என்ன வேலை என்பதுதான் அங்கே எல்லோர் மனசிலும் ஓடியது. அப்போது பொருளாளர், "பாய்லர்காரர் சட்டம் பேசுறாரு, தள்ளி உட்காருங்கப்பா, வெடிச்சிடப் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை மேசையில் அடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடிதம் வேண்டும் என்ற தீர்மானம் ஒரே ஒரு கை வித்தியாசத்தில் நிறைவேறியது. மறுநாள் நீங்கள் சொன்னீர்கள்: "நீ சொன்னது சரி தம்பி. ஆனா கை தூக்க வேண்டிய நேரத்துல நீ ரோட்ல நடந்துகிட்டிருந்த."

அதற்காக உங்கள் மேல் வருஷக்கணக்கில் கோபமாக இருந்தேன். கமிட்டியின் அநியாயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் பாதி, அந்த ஒரு வாக்கியம் என் காதில் கேட்காமல் இருக்கத்தான். நீங்கள் யாரையும் திட்டவில்லை. காலையில் நம் சபை, மதியம் முடிச்சூர் என்று கடைசிவரை போனீர்கள். போன மழைக்காலத்தில் உங்களை அடக்கம் செய்த அன்று சரோஜாவும் மற்றவர்களும் நனைந்துகொண்டே வந்தார்கள். நம் ஆட்கள் அவர்களை யாரென்று என்னிடம் கேட்டார்கள். அக்காவின் சபை என்று சொன்னேன். சரோஜா வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு இன்றும் கூடுகிறார்கள்.

கேட் வரை இனிமேல் நடந்து பயனில்லை. ஆகவேண்டியதை எழுதுகிறேன். செக்ரட்டரி, அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, மாற்றுக் கடிதங்களை வாசித்த அதே இடத்தில் நின்று அதையும் வாசிக்க வேண்டும். நம் போதகர் ஐயா வெளியூர் ஆளை வைத்துக் கருத்தரங்கு நடத்துவதை நிறுத்திவிட்டு வாரம் ஒருநாள் முடிச்சூர் பஸ் ஏற வேண்டும். பேச அல்ல, கேட்க. பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தியாவது நீங்கள் விட்டுச்சென்ற வீடுகளுக்குப் போய் மோர் குடிக்க வேண்டும். அவர்களை இங்கே கூட்டிவரலாம் என்று யாரும் கிளம்பக் கூடாது. நாம் அங்கே போய்ப் பாயில் உட்கார வேண்டும். பொருளாளர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பங்கையும் நான்தான் செய்ய வேண்டும். வருகிற ஞாயிறு, நான் சரோஜாவிடம் போய், அன்றைக்குத் தூக்காமல் எழுந்து போன கை என்னுடையது என்று சொல்ல வேண்டும். அவள் உள்ளே வா என்று சொல்லும்வரை வெளியே நிற்க வேண்டும்.