கீழ் வீட்டு மீட்டர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், குட்டிக்குக் காதை மூடுகிற குல்லா போட்டுத்தான் வெளியே தூக்கிப் போ. இங்கே உன் அம்மா சுகம், நெற்றியில் ஆறு தையல் போட்டிருப்பதைத் தவிர. நானும் சுகம், என் மேல் ஸ்டேஷனில் புகார் இருப்பதையும் வாயில் மேல் வரிசைப் பல் இல்லாததையும் தவிர. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் மழை பெய்கிறதா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன், நீகூட லைன் சரியில்லைப்பா, பேச்சு காத்து காத்தா வருது என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன், முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

கீழ் வீட்டில் குடியிருக்கும் பல்லு மாஸ்டரை உனக்குத் தெரியும். முன் அறையில் சின்ன அரவை மிஷினை வைத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர், எனக்கும் மேல் வரிசை முழுவதும் அவர்தான் செய்து போட்டார். ஐந்து வருஷத்தில் வாடகையை ஒரு நாள் தள்ளியதில்லை. என்னை அண்ணே என்பார், நான் மாஸ்டர் என்பேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் இரண்டு பேரும் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி முன்னால் நிற்போம், நான் டார்ச் அடித்து எண்ணைப் படிப்பேன், அவர் நோட்டில் எழுதுவார், முடிந்ததும் உன் அம்மா மேலிருந்து இரண்டு டம்ளர் டீ கொண்டு வருவாள். இந்த வருஷம் கரண்ட் ஆபீஸ் இரண்டு தடவை ரேட்டை ஏற்றியது. வீட்டுக்கு ஒரே இணைப்பு, என் பேரில், அவருக்குத் தனியாக ஒரு சப் மீட்டர், அவ்வளவுதான். ஆபீஸ் ஏற்றியதற்கு மேலே நானும் கொஞ்சம் வைத்துத்தான் அவரிடம் வாங்கினேன், மறைக்க மாட்டேன், இந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரன்தான் வைக்கவில்லை. முதல் தடவை தலையாட்டினார். இரண்டாம் தடவை நோட்டை மூடிவிட்டு, அண்ணே, மிஷினை ஒரு வேளைதான் ஓட்டுறேன், பிரிட்ஜை வித்துட்டேன், அப்பவும் யூனிட் குறையலையே, எங்கேயோ தப்பு இருக்கு, ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார். என்னைத் திருடன் என்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது, அவ்வளவுதான், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. பகல் பூரா மிஷினை ஓட்டிட்டு என் வீட்டுல தப்பு தேடுறீங்களா என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். அவர் டீயைக் குடிக்காமல் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கே அவர் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியைப் பூட்டினேன். கரண்ட் பணத்தை வை, கட்டையை வாங்கிக்கோ என்றேன்.

மூன்று நாள் அவர் வீடு இருட்டு. ஆர்டர் வாங்கிய பல்செட் எல்லாம் அப்படியே கிடக்கிறது என்று அவர் வீட்டம்மா உன் அம்மாவிடம் வந்து கெஞ்சியிருக்கிறார், உன் அம்மா என்னிடம் கெஞ்சினாள், நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பினேன். நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு உன் அம்மா மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டாள். மாஸ்டர் கீழே பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஃப்யூஸ் கட்டை என் பையில், வீட்டில் ஒரு விளக்கு இல்லை, ஆனால் அவருடைய மீட்டரில் சிவப்பு லைட் சிமிட்டுகிறது, எண் ஏறுகிறது. நேராகத் தெருவுக்குப் போய், பால்காரர், வேன் டிரைவர் எல்லோரும் கேட்க, மேல் வீட்டுக்காரன் என் கரண்டைத் திருடுறான், வந்து பாருங்க என்று கத்தினார். ஐந்து வருஷமாக அண்ணே, அன்றைக்கு அவன் ஆகிவிட்டேன். நான் இறங்கி வரும்போது பல்செட் அச்சு உடைக்கிற சுத்தியலால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார், பூட்டு தெறித்து என் காலடியில் விழுந்தது.

வீல் ஸ்பேனர் எப்படிக் கைக்கு வந்தது என்று ஸ்டேஷனில் கேட்டார்கள், தெரியாது என்றேன். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், படிக்கு அடியில் பக்கெட்டை நகர்த்தி, குனிந்து, தேடித்தான் எடுத்தேன். தோளில் ஒன்று வைத்தேன். அவர் திரும்பிச் சுத்தியலை என் முகத்தில் வீசினார், வாய் ஓரத்தில் பட்டு, அவர் செய்து போட்ட பல் தெறித்துப் போய்ச் சாக்கடை ஓரத்தில் இரண்டு துண்டாக விழுந்தது. வாய் நிறைய ரத்தம், அதைத் துப்பிவிட்டு மறுபடி ஓங்கினேன். தலையை மறைக்க வலது கையைத் தூக்கினார், அடி கை மேல் இறங்கியது. காய்ந்த குச்சியை முறிக்கிற சத்தம், அவ்வளவுதான். மணிக்கட்டும் இரண்டு விரலும் போய்விட்டன. அவர் கீழே விழுந்து கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுருண்ட பிறகும் முதுகில் ஒரு உதை விட்டேன் மகளே, நான்தான். உன் அம்மா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தாள், உதறினேன், பெட்டியின் தகரக் கதவு விளிம்பில் அவள் நெற்றி போய் மோதியது. களேபரத்தில் மாஸ்டர்தான் தள்ளிவிட்டார் என்று தெருவில் பேசுகிறார்கள், நானும் மறுக்கவில்லை. அவருக்கு அப்போது எந்தக் கை இருந்தது தள்ளுவதற்கு. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஒரு நாயைக்கூட இடிக்காத என் கைதான் அவளைத் தள்ளியது.

மாஸ்டர் மீட்டரில் ஏதோ கோல்மால் செய்திருக்கிறார், அதைக் கேட்கப் போனதற்குத்தான் அடிக்க வந்தார் என்று ஸ்டேஷனில் சொன்னேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன், நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது. மறுநாள் கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு நீல வயரை இழுத்தார். அது கீழ் வீட்டு மீட்டரிலிருந்து கிளம்பி, ஃப்யூஸுக்குப் போவதற்கு முன்னாலேயே பிரிந்து, சுவரோரமாக நம்முடைய தண்ணீர் மோட்டாருக்குப் போகிறது. வயர் சேருகிற இடத்தில் டேப் இல்லை, அழுக்கேறிய ப்ளாஸ்திரி சுற்றியிருந்தது, அதில் வரிசையாக மஞ்சள் வாத்துகள்.

உனக்கு ஞாபகம் வருகிறதா. குட்டிக்கு இரண்டு மாதம், அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய், தடுப்பூசி போட்ட இடத்தில் ஒட்ட அந்த வாத்துப் ப்ளாஸ்திரியை நீதான் வாங்கினாய். ஒரு நாள் காலையில் மோட்டாருக்குப் போகிற நம் வயர் கருகிவிட்டது, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, குட்டி உடம்பெல்லாம் ஈரமும் அழுக்குமாக வீல் வீல் என்று கத்துகிறாள், எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவேன் என்றான். நான்தான் பெரிய என்ஜினியர் ஆயிற்றே, உன் பழைய மேஜை விளக்கின் வயரை எடுத்துக் கீழ் வீட்டு லைனில் சேர்த்துவிட்டேன், டேப் கிடைக்கவில்லை, வாத்தைச் சுற்றினேன். நீ பாத்ரூம் வாசலிலிருந்து, கீழே மாஸ்டர்கிட்ட சொல்லிட்டீங்களாப்பா என்று கேட்டாய். சொல்லிட்டேன், நீ பிள்ளையைக் குளிப்பாட்டு என்றேன். சொல்லவில்லை. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன், எலக்ட்ரீஷியன் வரவில்லை, தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, சுத்தமாக மறந்துபோனேன். இரண்டு வருஷம் நான்கு மாதம். நாங்கள் குளித்தது, துவைத்தது, வாசல் கழுவியது எல்லாவற்றுக்கும் அந்த மனுஷன் கட்டியிருக்கிறார், அதுவும் நான் ஏற்றி வைத்த ரேட்டில். அவர் பிரிட்ஜை விற்றது என் மோட்டாருக்காக. ஆபீஸ்காரர் நிமிர்ந்து, இது யார் பார்த்த வேலை என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் மாமா, அதுதான் ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பாரே உன் அம்மாவின் தம்பி, அன்று சாயங்காலமே வந்துவிட்டார். கவலையை விடுங்க அத்தான், அவன் பூட்டை உடைச்சதைத் தெருவே பார்த்திருக்கு, உங்க மேல பழி போட அவனே உள்ளே கையை விட்டு வயரை மாட்டினான்னு எழுதிக் கொடுத்துடுங்க, கரண்ட் திருட்டு அவன் தலையில போயிடும், அடிதடி தானா இளைச்சுடும் என்றார். கேட்கும்போது எனக்கு இனித்தது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. கட்டுப் போட்ட நெற்றியோடு மாஸ்டருக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறாள், வருகிறாள். நேற்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பெட்டிக்கடியில் விழுந்து கிடந்த ப்ளாஸ்திரித் துண்டைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஒரே ஒரு வாத்து. பிசைந்த சோற்றை அப்படியே விட்டு, கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

இன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாஸ்டருக்குக் கைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். மெழுகில் பல் செதுக்குகிற அந்த இரண்டு விரலும் இனிமேல் மடங்குமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியுமாம். கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், குட்டி அழுதது முதல் வாத்து வரைக்கும். பல்லில்லாத வாயால் அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்குமோ என்னவோ. போனால் போகட்டும் அண்ணே என்பார் என்கிற ஆசையோடுதான் போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே டேப் எடுத்துக் கொடுத்திருப்பேனே, பச்சைப் பிள்ளை குளிக்கிறதுக்கு வேண்டாம்னா சொல்லியிருப்பேன் என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் வீட்டம்மாதான், இங்கே வந்து அழுது என்ன ஆகப் போகுது, இதை ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க என்று வாசலைக் காட்டினார்.

நாளைக்குப் பத்து மணிக்கு நான் எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மேஜையில் இரண்டு காகிதம் இருக்கிறது. மாமா எழுதியது ஒரு முழுப் பக்கம், முத்து முத்தான எழுத்து. நான் எழுதியது நான்கு வரி, கோணல்மாணல். என்னுடையதைக் கொடுத்தால் அடித்ததோடு பொய் சொன்னதும் சேர்ந்துகொள்ளும், உள்ளே வைத்துவிடுவார்கள் என்கிறார் மாமா. பயமாக இருக்கிறது மகளே. ஸ்பேனரைத் தேடி எடுத்தபோது வராத பயம் பேனாவைத் தொடும்போது வருகிறது. இந்த முட்டிவலியோடு அங்கே தரையில் படுத்தால் யார் தூக்கி விடுவார்கள் என்றெல்லாம் யோசனை ஓடுகிறது. மாஸ்டர் இனி இடது கையால் சாப்பிடப் பழக வேண்டும், எனக்கு என் முட்டி கவலை.

நீ பணம் அனுப்புகிறேன், டிக்கெட் போடுகிறேன் என்று கிளம்பாதே, மாப்பிள்ளையிடம் பக்குவமாக எடுத்துச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், குட்டிக்கு என் கோபம் மட்டும் வராமல் இருக்க வேண்டும், அதுதான் அப்பாவின் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே, நீங்களும் வாடகை வீட்டில்தான் இருக்கிறீர்கள், மாதா மாதம் மீட்டரை நீயே போய்ப் பார், வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பார். எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் என்று மாஸ்டரும் ஐந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்போதும் கடிதத்தின் அடியில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். இப்போது பேனாவை நீட்டினேன், உன் அம்மா வாங்கவில்லை. நான்கு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து, நாளைக்கு நீங்க எந்தக் காகிதத்தைக் கொடுக்கிறீங்கன்னு கூட இருந்து பார்த்துட்டு, போடுறதா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்றேன் என்றாள். அதனால் உறையை ஒட்டாமல் அவளிடமே கொடுத்துவிடுகிறேன். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் அவள்தான் தபாலில் போடுவாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா

அம்மா