எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கச்சேரியை விடாதே

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
நவம்பர் 4

என் பேத்தி ரீனாவுக்கு உன் ஆச்சி மதலேனம்மாள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். எல்லாரும் எழுதுகிறார்களே என்று இதை எழுதவில்லை, நிஜமாகவே சுகமாக இருக்கிறேன், எதற்கு இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்று கீழே தெரியும். நீயும் அந்த ஸ்பெயின் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் நன்றாகச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமைகளை எழுதிவிடுகிறேன், விட்டுப்போனால் உன் சித்தப்பன் தொபியாஸுக்குப் பொறுக்காது. அவன் மூத்த மகன் ரோமான் கப்பலில் மூன்றாவது ஆபீசராகிவிட்டான், வெள்ளைச் சட்டையில் எடுத்த படம் வந்தது, தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டி லட்டு கொடுத்தாயிற்று. சின்னதில் வள்ளத்தில் ஏற்றினாலே வாந்தி எடுப்பானே, அவனேதான். அவன் மகள் ஜெசிந்தா பேங்க் பரீட்சையில் பாஸாகி கோவில்பட்டியில் சேர்ந்திருக்கிறாள், நோட்டு எண்ண அங்கே மிஷின் இருக்கிறதாம், அதனால் பேங்க் பிழைத்தது. கடைக்குட்டி பள்ளிக்கூடத்தில் முத்துக் குளிக்கிறவனாக மாறுவேடம் போட்டுக் கோப்பை வாங்கி வந்தான், தொபியாஸ் அன்று பூராவும் நாம் கடலையே ஆண்ட ஆட்கள் என்று பேசிக்கொண்டிருந்தான், அவன் முழங்காலுக்கு மேலே நனைந்து நான் பார்த்ததில்லை. நீ கிதார் போட்டியில் எத்தனையோ தேசத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் மூன்றாவதாக வந்தாய், அதை மட்டும் அவன் வெளியே சொல்லவில்லை. ஏன்டா என்று கேட்டால், மூணாவதுதானம்மா என்கிறான். ரோமானும் மூன்றாவதுதான், அதற்கு மட்டும் லட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பன் உனக்குப் போன் போட்டு ஆச்சிக்கு நெஞ்சுவலி, உன்னைப் பார்க்கணும் பார்க்கணும் என்று புலம்புகிறாள் என்று சொன்னானாமே. நீயும் அழுது, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வைத்திருக்கிற உன் கச்சேரியை வேண்டாமென்று சொல்லிவிட்டு கிறிஸ்மஸுக்கே வருகிறேன் என்றாயாமே. ஜெசிந்தா வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவள் சொல்லும்போது நான் ஒரு கூடைச் சாளை மீனை உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன், நெஞ்சுவலிக்காரி. போன மாதம் மணப்பாட்டுக்குப் போய் மேட்டின்மேல் இருக்கிற சிலுவைக் கோவிலுக்கு நடந்தே ஏறினேன், கூட வந்த உன் சித்தி பாதியில் உட்கார்ந்து சோடா கேட்டாள். பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்டதும் நான்தான், அவளுக்கும் சேர்த்து. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் சாகக் கிடந்தாலும் போனில் நல்லாயிருக்கேன் மக்களே என்றுதான் சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும், நம்பமாட்டாய். அதுவும் உன் சித்தப்பன் போன், பேசுகிறவரைக்கும் பக்கத்திலேயே நிற்பான். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், என் கையெழுத்து நடுங்குகிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

எதற்கு அந்தப் பொய் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேட்டு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பையன் தோகாவில் இருக்கிறான், வரவில்லை, தாயும் தகப்பனும் ஒரு பெரியம்மாவும் வந்தார்கள். உன் அப்பனும் அம்மாவும் போய்ச்சேர்ந்த பிறகு உன்னைக் கட்டிக்கொடுக்கிற உரிமை தனக்குத்தான் என்று தொபியாஸ் நினைக்கிறான், உன்னை வளர்த்தவள் ஒருத்தி குசினியில் இருக்கிறாள் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. வந்தவர்களுக்கு உன் பெருமையைக் காட்டவேண்டுமாம், நீ விட்டுப்போன பழைய கிதாரை எடுத்து வாசித்துக்காட்ட நம் கோவில் பாடகர் குழு கிருபை மாஸ்டரை அழைத்திருந்தான். அந்த மாஸ்டரைத்தான் உனக்குத் தெரியுமே, பூசையானாலும் கலியாணமானாலும் சாவானாலும் கிதாரில் விரல் வைக்க மூன்றே பிடிதான், நாலாவதாக ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. முதல் நாளே வந்து தட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சி சத்தமே வரமாட்டேங்கு, நைலானப் போட்டு வச்சிருக்கா, நான் நல்ல கம்பியாப் போட்டுத் தாரேன், தெருமுனை வரைக்கும் கேக்கும் பாருங்க என்றான். இந்தக் கிதாருக்கு இரும்புக் கம்பி ஆகாது என்று நீ எழுதி ஒட்டிய சீட்டு பெட்டி மூடியில் அப்படியே இருக்கிறது, எடுத்துக் காட்டினேன். அதெல்லாம் வெளிநாட்டுல உள்ளதுக்கு ஆச்சி, நம்ம ஊருக்கு ஒண்ணும் செய்யாது என்று சொல்லி இரும்புக் கம்பியையே மாட்டிவிட்டான். கிதாருக்கு ஊர் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வந்தவர்கள் உட்கார்ந்து மக்ரூன் தட்டைக் கையில் வாங்கியிருக்கிறார்கள், கிருபை நடு வீட்டில் நின்று சுருதி ஏற்றுகிறான். ஏற்றுகிறான் ஏற்றுகிறான், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்கிறான், டமார் என்று ஒரு சத்தம், கம்பியெல்லாம் மாட்டியிருக்கிற அடிக்கட்டை பலகையோடு பிய்ந்து துள்ளி மாப்பிள்ளையின் தகப்பன் தட்டில் போய் விழுந்தது. மக்ரூன் பூராவும் தூள். அந்த மனுசன் துப்பாக்கி சுட்டதுபோல் நாற்காலியில் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டார். கிருபை வெட்கப்பட்டானா, இல்லை, பழைய மரம் ஆச்சி, ஃபெவிக்கால் போட்டு ஒட்டிரலாம் என்கிறான். மாப்பிள்ளையின் தாய் சிரித்துக்கொண்டே, நல்லதாப் போச்சு, கலியாணத்துக்கு முன்னாலயே ஒழிஞ்சிட்டு, சனியன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், உன் சித்தப்பன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அதற்கும் நான் பொறுத்திருந்தேன். அந்தப் பெரியம்மாக்காரி சுவரில் இருந்த உன் படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, என்ன மதினி பிள்ளைக்கு ஒரு கையில மட்டும் நகம் நீட்டி நீட்டி வச்சிருக்கா, ஏதும் நேர்ச்சையா, இல்ல சீக்கா என்று கேட்டாள். உன் சித்தி உடனே, ஐயோ அதெல்லாம் வந்த அன்னைக்கே ஒட்ட வெட்டிருவோம், மீன் கழுவணும்லா என்றாள். நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன். ஏளா, அந்த நகத்தால நரம்பத் தட்டித்தான் அவ வாசிக்கா, அதுதான் அவளுக்குத் தொண்டை, பாடுறவ தொண்டைய அறுத்து வச்சிட்டா பொண்ணு கேப்பீக? மீன் கழுவ ஆள் வேணும்னா ஐஸ் கம்பெனி வாசல்ல நிறையப் பேர் நிக்காக, அங்க போய்க் கேளுங்க என்றேன். காப்பி குடிக்காமலே எழுந்துவிட்டார்கள். அன்று சாயந்திரம்தான் உன் சித்தப்பன் உனக்குப் போன் போட்டது. நீ நேரில் வந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறான், கிறிஸ்மஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பண்ண மண்டபம்கூடக் கேட்டுவிட்டான். அவனுக்கு அந்தச் சம்பந்தம் வேண்டும், பையனின் தகப்பனுக்கு துறைமுகத்தில் பெரிய செல்வாக்காம். கப்பல் சரக்கை இறக்குகிற மாதிரி உன்னை இறக்கப் பார்க்கிறான்.

உன்னையும் ஒன்று கேட்கவேண்டும். ஒரு பொய்க்காரன் ஒரு போன் போட்டால் உடனே கச்சேரியை விடுவதா? இங்கே உன் சித்தப்பன் வீட்டார் கேட்கிறார்கள், பாடுகிறவர் யார், தபேலா யார், ஒருத்தி மட்டும் உட்கார்ந்து டொய்ங் டொய்ங் என்றால் அது என்ன கச்சேரி என்று. இவர்களுக்குக் கலியாண மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி வைத்து நெஞ்சு அதிர அடித்தால்தான் பாட்டு. எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், நான் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சென்னையில் அந்தக் கோவாக்காரரிடம் படித்துவிட்டு நீ லீவுக்கு வந்த வருசம் தவசுகாலம் பூராவும் ஒரே ஒரு துண்டை வாசித்தாய். கட்டைவிரல் அடியில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும், மற்ற மூன்று விரலும் மேலே ஒரே நரம்பை மாற்றி மாற்றித் தட்டும். முதலில் அரிசியில் கல் பொறுக்குகிற சத்தம் மாதிரி இருந்தது, அடுத்த வீட்டில் உன் பேத்திக்கு வேற பாட்டே தெரியாதா என்று கேட்டார்கள். குருத்தோலை ஞாயிறு அன்று நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், திடீரென்று தட்டுகிற சத்தம் மறைந்துபோயிற்று, யாரோ ஒருத்தி மூச்சு வாங்காமல் நீளமாகப் பாடுகிற மாதிரி வந்தது. வெளியூரிலிருந்து யாரும் வந்திருக்கிறார்களா என்று மாவுக் கையோடு எட்டிப் பார்த்தேன். நீ மட்டும்தான் காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், நான் நிற்பதுகூட உனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்ட என்னிடம் வந்து கிருபை மாஸ்டர் சத்தம் போதாது என்கிறான்.

அந்த ஊரில் ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் வாசித்தாய், கரண்டிச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை என்று எழுதினாய், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கால் வயிறு கழுவினாய். இப்போதுதான் முதல்தடவையாக உன்னை மட்டும் கேட்பதற்கென்று ஆட்கள் வந்து வாயை மூடிக்கொண்டு உட்காரப்போகிறார்கள். அதை விட்டுவிட்டு வந்து இந்தக் கூட்டத்துக்கு முன்னால் சேலை கட்டி நிற்பாயா? வந்தாயானால் நான் கதவைத் திறக்கமாட்டேன், தொபியாஸ் வீட்டு மாடியில் படுத்துக்கொள், அங்கே மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும், அதுதான் உனக்குக் கச்சேரி. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அந்தக் கச்சேரிக்காரர்களிடம் போய், நான் வாசிக்கிறேன், எங்கும் போகவில்லை என்று சொல்லிவிடு, அதுவரைக்கும் வேறு யாருக்கும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன், கொடுத்திருந்தால் சண்டை போட்டாவது திரும்ப வாங்கு. சித்தப்பன் போன் போட்டால் ஆச்சி கடிதம் போட்டுவிட்டாள் என்று மட்டும் சொல், அவன் அதற்கு மேல் பேசமாட்டான். நிச்சயத்தன்று பெண் வராத மண்டபத்தில் அவனும் கிருபையும் உட்கார்ந்து மூன்று பிடி வாசிக்கட்டும்.

பிய்ந்த கிதாரைப் பழைய சேலையில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஃபெவிக்கால் பக்கத்தில் வரவிடமாட்டேன். நீ ராத்திரி தலையைத் துவட்டாமல் படுக்காதே, ஞாயிறு பூசையை விடாதே, புரியாத பாஷையானாலும் போய் நில். அர்ச்சிஸ்ட சவேரியார் உன் கூட இருந்து உன் பத்து விரலையும் காப்பாற்றட்டும். மாதா உன்னை ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும்.

எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும்போல்தான் இருக்கிறது, அதில் மட்டும் உன் சித்தப்பன் பொய் சொல்லவில்லை. அதனால் கச்சேரி முடிந்ததும் நீ மேடையில் உட்கார்ந்திருக்கிற ஒரு புதுப் படம் எடுத்து, போனில் அல்ல, காகிதத்தில் போட்டுத் தபாலில் என் பெயருக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் ஆச்சி
ம. மதலேனம்மாள்