பால் வாடை அடிக்கும் லேப்டாப்

அப்பா,

பையைத் திறந்ததும் புளித்த பால் வாடை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது நீங்கள் வாங்கித் தந்த லேப்டாப்தான். மடியில் இருந்த பாப்பா பால் புட்டியைத் தட்டிவிட்டாள். மேலாகத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மறுநாள் அதற்கு உயிர் வரவில்லை. "பழசாச்சுல்ல, தானா நின்னுபோச்சு" என்று இவரிடம் சொன்னேன். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிடுவேன் என்று அடம்பிடித்தவள் நான்தானே.

பெண் எடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போல, அன்று நீங்கள் லேப்டாப்புக்கும் விசாரிக்கக் கிளம்பினீர்கள். விற்கிற கடைக்கு இல்லை, ரிப்பேர் கடைக்கு! "விக்கிறவன் நல்லதத்தான் சொல்லுவான். சீக்காளிய ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும்." காத்திருந்தவர்களோடு போய் உட்கார்ந்து, "தம்பி, இதுக்கு என்னா நோவு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டீர்கள். சூடாகிறது என்றார் ஒருவர், பேட்டரி நிற்கவில்லை என்றார் இன்னொருவர். ஒருவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"மெஷின் மேல குத்தமில்லங்கய்யா. வீட்டுல சண்ட. நான்தான் தூக்கி எறிஞ்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "அவரு வச்சிருக்க கம்பெனியே நமக்கும். எறிஞ்சும் மூடி மட்டுந்தான் ஒடஞ்சிருக்கு, பாத்தியா?"

அதே கடையில் நேற்று லேப்டாப்பை உள்ளே கொடுத்துவிட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உங்கள் வயதுள்ள ஒருவர் மகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் லேப்டாப் பையில் இருந்த கம்பெனிப் பெயரைக் காட்டினார். "மகளுக்கு காலேஜுக்கு ஒண்ணு வாங்கணும்மா. இந்தக் கம்பெனி எப்படி, ஒழைக்குமா?"

"சும்மா இருங்கப்பா" என்று அந்தப் பெண் அவர் சட்டையை இழுத்தாள். நானும் உங்களை அப்படித்தான் இழுத்தேன்.

சுற்றி இருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். பால் கொட்டியதைச் சொன்னால், பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள் என்று நினைப்பார்களோ? "வேணாங்கய்யா. தானா நின்னுபோச்சு" என்றேன்.

"நல்லவேள, கேட்டேன். அப்ப இது வேணாம் தாயி" என்று மகளிடம் சொன்னார். பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்து போனார்.

அவர்கள் படியிறங்கிய பிறகுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா, உள்ள பூரா பாலு! போர்டு போச்சு. கொட்டுனதும் ஆஃப் பண்ணிக் கவுத்து வச்சிருந்தா பொழச்சிருக்கும்."

"புள்ளைக்கு வச்சிருந்தத இதுக்கு ஊட்டிட்டீங்களோ?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அன்று அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அவர் அதைத் தாங்கிக்கொண்டார்.

பாப்பாவோடு கீழே ஓடினேன். மாசி வீதிக் கூட்டத்தில் அந்தப் பெரியவரைக் காணவில்லை. இருந்த கம்ப்யூட்டர் கடைகளில் எல்லாம் எட்டிப் பார்த்தேன். இல்லை.

இன்று இவரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும். வீடே நாறுது" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா அந்தப் பெரியவரை ஏமாற்றினேன்?

வேலை நிற்காமல் இருக்க, உடனே புது லேப்டாப் வாங்க வேண்டும். நீங்கள் காட்டிய வழி ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் யார் "தானா நின்னுபோச்சு" என்றாலும் எனக்கு என் குரல்தான் கேட்கும். தூக்கி எறிந்த மனிதர் வெட்கப்பட்டு ஒரு பொய் சொல்லியிருந்தால், நான் வைத்துப் படித்து முடித்த லேப்டாப் நம் வீட்டுக்கு வந்தே இருக்காது.

அந்தப் பெண் இந்நேரம் வேறு ஏதோ ஒன்றை வாங்கியிருப்பாள். அது அவளுக்கு உழைக்க வேண்டும், அப்பா.