கடலுக்குத் தெரியாத வீடு

என் ஆன்சியின் அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்கத்தான் முதலில் வாய் வருகிறது. இதென்ன கேள்வி என்று நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன். அந்தப் புயலில் நீங்கள் போன பிறகு, மனசுக்குள் உங்களோடு பேசாத நாள் கிடையாது. ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதினால் நீங்கள் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை.

செய்தி இதுதான்: நமக்குப் புது வீடு வந்திருக்கிறது. புயலில் கூரை போன வீடுகளைக் கட்டித்தர ஒரு தன்னார்வலர் கூட்டம் நம் கடியப்பட்டணத்துக்கு வந்தது. கூலி வாங்காத ஆட்கள். கொத்தனார் உண்டு, காலேஜ் பிள்ளைகள் உண்டு, சனி ஞாயிறு மட்டும் வரும் செண்பகம் என்ற பேங்க் அம்மாவும் உண்டு. அவள் நாஞ்சில் நாட்டு வயக்காட்டு ஊர்க்காரி, சுத்த சைவம். முதல் நாள் நம் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்தியவள், இப்போது கருவாட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்கிறாள்.

அவர்கள் கட்டும் வீடு வேறு மாதிரி. நாலு பக்கமும் சரிந்த கூரை, சுவரின் தலையைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட், கூரையைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்க இரும்புப் பட்டை. எல்லாம் எனக்குச் சம்மதம். ஆனால் பழைய இடத்தில் கட்ட மாட்டார்களாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். அங்கேதான் நான் முரண்டு பிடித்தேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கடல் பக்கத்துச் சுவருக்கு மட்டும் கண்ணைப் பறிக்கும் ரோஸ் பெயின்ட் அடிப்பீர்களே! "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்று நான் சிரித்தால், "சும்மா கெடட்டி. கோவில் கோபுரமும் இந்தச் சுவரும் ஒரே நேரா வந்தா, நான் நேரா உன் அடுப்படிக்கு வந்துருவேன்லா" என்பீர்கள். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை நேராக்கிப் பார்த்து வழி பிடிக்கும் அந்தக் கணிச்சத்தை, ஜி.பி.எஸ். வந்த பிறகும் நீங்கள் விடவில்லை. உங்கள் உடம்பைக் கடல் திருப்பித் தரவில்லை. அந்தச் சுவரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

"வீடு மாறினா அவிய எப்பிடிக் கண்டுபிடிப்பாவ?" என்று செண்பகத்திடம் கேட்டேன். அவள் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "அக்கா, வாற ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க கையெழுத்துப் போடல்லன்னா இந்த வீடு அடுத்த பேருக்குப் போயிரும். எனக்கும் வேற வழி இல்ல பாத்துக்கிடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. கூரைக்குப் பதிலாகக் கட்டிய தார்ப்பாய் ஒழுக, ஆன்சி தன் பிளஸ் ஒன் புத்தகங்களை மீன் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே என்னிடம் சீறினாள். "அப்பா இனி வரமாட்டாவ. நான் இஞ்ச இருக்கேன்லா, என்னப் பாத்தியா நீ?" அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நீங்கள் என்னை மன்னித்திருப்பீர்களா?

மறுநாள் உங்கள் தம்பி சேவியரிடம் போய், வள்ளத்தில் என்னையும் ஏற்று என்றேன். அவன் அரண்டுபோனான்.

"பொம்பளய வள்ளத்துல ஏத்துனா ஊரு என்ன சொல்லும் மைனி?"

"ஊரு வந்து என் கூரையப் பிடிக்குமாலே? புது வீடு கடல்ல இருந்து தெரியுமான்னு நான் என் கண்ணால பாக்கணும். தெரிஞ்சா கையெழுத்துப் போடுவேன்."

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். புது இடத்தில் நான் கேட்டபடி செண்பகம் ஒரு மூங்கில் கழியைக் கூரை உயரத்துக்கு நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தாள்.

இத்தனை வருசம் உங்களோடு வாழ்ந்தும், நீங்கள் நின்ற இடத்திலிருந்து நம் ஊரை நான் பார்த்ததே இல்லை. அடேயப்பா, எவ்வளவு சின்னது! சர்ச் கோபுரம் விரல் அளவு. அதன் கீழே வெளிறிப்போன ரோஸ் புள்ளி ஒன்று. அதுதான் நம் வீடு. தினமும் இங்கிருந்துதான் எங்களைப் பார்த்தீர்களா? கடைசி நாள், அந்த மழை மூட்டத்தில், இந்தப் புள்ளி உங்கள் கண்ணில் பட்டதா? வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் சொல்லாத பேர் அது. சேவியர் காதில் விழாதவன் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்புத் துணி தெரியவே இல்லை. அவன் வள்ளத்தைக் கிழக்கே கொண்டுபோனான், மேற்கே கொண்டுபோனான். எங்கே போனாலும் தென்னைதான். நான் உட்கார்ந்து அழுதேன். அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"மைனி, நம்ம கண்ணுக்கே தெரியல்லன்னா காத்துக்கும் தெரியாதுல்லா. அண்ணன் இருந்தா வீட்ட எங்க கெட்டச் சொல்லுவாவ? நீங்களே சொல்லுங்க."

பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் அன்றைக்குக் கடலுக்கே போகாத மனுசன் நீங்கள். கரை இறங்கியதும் நனைந்த சேலையோடு நேரே செண்பகத்திடம் போய்க் கையெழுத்துப் போட்டேன். பொம்பளை வள்ளம் ஏறினாள் என்று ஊர் ஒரு வாரம் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்காரர்களும் கூடவே வேலை செய்ய வேண்டும் என்பது அந்தத் தன்னார்வலர்களின் வழக்கம். நான் மணல் சுமந்தேன், கல் நனைத்தேன். ஆன்சி ஏணியில் ஏறி, ஒவ்வொரு இரும்புப் பட்டையையும் பிடித்து இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்கினாள். பிடிவாதம் அப்படியே உங்களுடையது. அடுத்த வாரம் பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரிக்கிறார். அன்றைக்கே பால் காய்ச்சிக் குடியேறுகிறோம். எல்லோரும் வருவார்கள். நீங்கள் இல்லாமல் அந்தப் பால் எனக்குத் தொண்டையில் இறங்குமா? உங்களை அப்படித் தேடுகிறது எனக்கு.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் போன பிறகு, புயல் எச்சரிக்கை வந்த ஒவ்வொரு தடவையும், பிள்ளையைத் தார்ப்பாய்க்குக் கீழே தனியே விட்டுவிட்டு நான் கரைக்கு ஓடி வந்து உங்களுக்காக நின்றிருக்கிறேன். இனி வரமாட்டேன். எப்பேர்ப்பட்ட காற்று அடித்தாலும் கதவைத் தாழ்போட்டு, உங்கள் மகளை அணைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. கரையில் என்னைக் காணோமே, மறந்துவிட்டாளோ என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
ஆன்சியின் அம்மா