ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்த நாள்

கிளீ மலை அடிவாரம்,
ஷ்ராப்ஷயர்.
17 மார்ச் 1996, ஞாயிறு

அன்புள்ள ராலண்டுக்கு,

நான் நலம். ஷெட்லண்ட் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று தினமும் வானிலைச் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டையில் நான்கே வரிகள் இருந்தன. கடல் கொந்தளிப்பு. மீன் பண்ணையில் இரை போடும் வேலை பழகிவிட்டது. சாப்பாடு பரவாயில்லை. படகு எஞ்சின் மக்கர் செய்தபோது கூப்பிட்டார்கள், எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். இருபது வருடம் பஸ் டிப்போவில் எஞ்சின் பிரித்தவன் எழுதிய வரி அது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை ஜனவரியிலிருந்து எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பின்பக்கத் தண்ணீர்க் குழாய் பிப்ரவரிப் பனியில் வெடித்துவிட்டது, நானே மாற்றிவிட்டேன். பக்கத்துப் பண்ணையில் ஆடுகள் குட்டி போடும் காலம் தொடங்கிவிட்டது. தாயில்லாத குட்டி ஒன்று வேலியில் நுழைந்து நம் முட்டைக்கோஸ் பாத்தியை மேய்கிறது, விரட்ட மனசு வரவில்லை. அக்கா கேரிஸ் வேல்ஸிலிருந்து வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். நான் அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

இப்போது காரைப் பற்றி. போகும்போது நீ சொன்னாய், "பழைய இரும்புக்காரன வரச் சொல்லி அள்ளிட்டுப் போகச் சொல்லு, நான் திரும்பி வரப்ப அது கண்ணுல படக்கூடாது." நான் யாரையும் வரச் சொல்லவில்லை. கார் கொட்டகையில்தான் இருக்கிறது. கார் ஓடுகிறது, ராலண்ட். நான்தான் ஓட்டுகிறேன்.

கோபப்படாமல் படி. முன்பக்கம் வளைந்த சட்டக் குழாய்களை லட்லோவில் ஒரு பட்டறையில் வெட்டி எடுத்துப் புதுக் குழாய் பற்றவைத்தார்கள். மற்றதெல்லாம் நான் செய்தது. நீ ஆறு வருடம் கட்டியபோது பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவள்தானே, பார்த்ததில் பாதி கைக்கு வந்துவிட்டது. ஆறடி மூன்றங்குல மனிதன் தன் உடம்பை அளவாக வைத்துக் கட்டிய கார் அது. நான் உட்கார்ந்தால் பெடல் எட்டாது, ஸ்டியரிங் எங்கேயோ இருக்கும், முன்னால் பானட் மட்டும்தான் தெரியும். இப்போது சீட்டுக்குக் கீழே தண்டவாளம் போல இரண்டு பட்டைகள் வைத்திருக்கிறேன். முன்னால் தள்ளினால் எனக்கு, பின்னால் தள்ளினால் உனக்கு. பெடல்களுக்கு அலுமினியக் கட்டைகள் திருகியிருக்கிறேன், கழற்ற இரண்டு நிமிடம் போதும். ஹாரன் பொத்தானையும் விளக்கு சுவிட்சையும் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

ஸ்டியரிங்கைச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் இரண்டு துண்டுத் தண்டும், அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பும் இனிமேல் கிடையாது. கிட்டர்மின்ஸ்டரில் ஒரு கடைசல் பட்டறையில் ஒரே துண்டாகப் புதுத் தண்டு செய்து வாங்கினேன். ஜாயிண்ட் இரண்டும் புதுசு. சின்னச் சக்கரம் ஒன்று போட்டிருக்கிறேன், பின்னால் இருக்கும் பூட்டு வளையத்தை இழுத்தால் கையோடு கழன்று வரும், உன் கால் இடிக்காமல் உள்ளே இறங்கலாம். சக்கரத்துக்குப் பின்னால் இரண்டங்குலக் கட்டை ஒன்று உண்டு. கட்டையோடு மாட்டினால் சக்கரம் என் பக்கம் வரும், கட்டை இல்லாமல் மாட்டினால் உன் அளவு. அளவை மாற்ற யாரும் இனிமேல் தண்டில் கைவைக்க வேண்டாம்.

ஒவ்வொரு நட்டையும் இறுக்கியபின் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். ஸ்டியரிங்கில் மட்டும் பதினான்கு கோடுகள். காலையில் எழுந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். டீ குடித்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். நிற்கிற காரில் நட்டு எப்படிக் கழலும் என்று புத்தி சொல்கிறது, கால் கேட்பதில்லை. மேலே இருக்கும் பாராவை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை போய் எண்ணிவிட்டு வந்தேன்.

ஆண்டுச் சோதனைக்குக் கொண்டுபோனேன். சோதனை செய்யும் ஹம்ப்ரி காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, என்னைச் சக்கரத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டச் சொல்லிப் பத்து நிமிடம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "வேலை சுத்தமா இருக்கு. ஆனா இத்தன கோடு எதுக்கும்மா? அப்படி என்ன பயம்?" சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன்.

போன ஜூலையில் அந்த வெள்ளிக்கிழமை நீ டிப்போவில் இருந்தாய். அதற்கு முந்தைய வாரம், நானும் ஒருமுறை ஓட்டட்டுமா என்று கேட்டதற்கு உன் தம்பி கிளைவ் முன்னாலேயே நீ சொன்னாய், "உன் கால் எட்டணும்னா பொம்மைக் கடையிலதான் கார் வாங்கணும்." இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது முள்ளாக உள்ளே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டியரிங் தண்டைப் பிடித்திருந்த கிளாம்பின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை என் பக்கம் மூன்று விரற்கடை இழுத்தேன். சந்து முனை வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, சாயங்காலம் நீ வரும்போது வாசலில் காரோடு நிற்க வேண்டும் என்று ஆசை. வேறொன்றும் இல்லை.

அப்போது போன் அடித்தது. கேரிஸ். சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று முக்கால் மணி நேரம் பேசினாள். நான் ரிசீவரை வைக்கும்போது சந்தில் உன் வேன் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். இரண்டு போல்ட்டையும் விரலால் திருகினேன். ஸ்பானரைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தலையணைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீ தூங்கினபின் வந்து இறுக்கலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

இதோடு நிறுத்தினால் மறதி என்று ஆகிவிடும். அப்படி இல்லை. சனிக்கிழமை காலை நீயும் கிளைவும் கிளம்பினீர்கள். அடுப்படி ஜன்னலில் நின்றபோது எஞ்சின் சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கார் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. கிளைவ் இறங்கிக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தான். நான் கத்தியிருந்தால் கேட்டிருக்கும். கத்தினால், நான் கைவைத்தது தெரிந்துவிடும், இரண்டு பேரும் மறுபடி சிரிப்பீர்கள். விரலால் இறுக்கியதே போதும், அரை மணியில் திரும்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளைவ் ஏறி உட்கார்ந்தான். எனக்குக் கைகூடக் காட்டினான்.

குவாரி வளைவில் நடந்தது உனக்குத்தான் தெரியும். நீ திருப்பியிருக்கிறாய், உன் கையில் சக்கரம் மட்டும் சுற்றியிருக்கிறது, கார் நேராகக் கற்சுவரில் போய் மோதியிருக்கிறது. உனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. கிளைவுக்கு இடது முழங்கால் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போலீஸ்காரர் கேட்டார், கடைசியாக ஸ்டியரிங்கில் கைவைத்தது யார் என்று. "நான்தான். புதன்கிழம கிரீஸ் போட்டேன். சரியா இறுக்காம விட்டிருப்பேன்" என்று நீ சொன்னாய். நான் உன் பக்கத்தில் காகிதக் கோப்பையில் டீயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீ ஆறும் வரை நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். நீ டிப்போ வேலையை விட்டாய். கருவிப் பெட்டியை யாருக்கோ கொடுத்தாய். "அடுத்தவன் உசுர என் கையில குடுக்காதீங்க" என்று மேலாளரிடம் சொன்னாயாம். தம்பியின் ஊன்றுகோல் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியாகப் போனாய். அப்புறம் ஷெட்லண்டுக்கே போய்விட்டாய். ஒவ்வொரு நாள் தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, காரை எடுத்துக்கொண்டு கிளைவ் வீட்டுக்குப் போனேன். மலையைத் தாண்டிப் பதினொரு மைல். குவாரி வளைவில் எதிரே ஒருவரும் இல்லை, ஆனாலும் நடக்கிற வேகத்தில்தான் போனேன். பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். கிளைவ் இப்போது கூரை வேயும் வேலைக்குப் போவதில்லை, தெரியுமா. கட்டடச் சாமான் கடையில் உட்கார்ந்து ஆணி எடை போடுகிறான். காரைப் பார்த்ததும் கதவிலேயே நின்றுவிட்டான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஜன்னலில் நின்றதையும் சேர்த்து. கடைசியில், "உன்னத் திட்ட எனக்குக் கொஞ்ச நாள் வேணும், நெரிஸ். இப்பத் திட்டினா ஏதாவது சொல்லிடுவேன். போ" என்றான். கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

செவ்வாய்க்கிழமை அவனே பஸ் பிடித்து வந்தான். ஸ்டாப்பிலிருந்து இங்கே வரை நடந்து வந்திருக்கிறான், முகமெல்லாம் வேர்வை. "பானட்டத் தூக்கு" என்றான். தூக்கினேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, தண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், ஜாயிண்டை ஆட்டினான், மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். "வேலையெல்லாம் சரிதான்" என்றான். பிறகு நிமிர்ந்து, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "என் வீடு தேடி வந்து என்கிட்ட சொல்ற, அவனுக்குச் சொல்லலியா? எட்டு மாசமா என் அண்ணன் என் மூஞ்சியப் பார்க்க முடியாம எங்கயோ போய் மீனுக்குத் தீனி போட்டுட்டு இருக்கான். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறான். என் முட்டி போனது ஒரு நிமிஷத்துல போச்சு. அவன் போனது அப்படியா? தெனமும் நீ வாய மூடிட்டு இருந்து இருந்து அனுப்பி வச்சிருக்க. முட்டிக்கு வேணா நான் உன்ன மன்னிச்சுத் தொலைக்கிறேன். அவனுக்கு நான் எப்படிடி மன்னிக்க முடியும்? அத அவன்கிட்ட கேளு."

டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தான். காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பஸ் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே கிளம்பிப் போனான். அன்று மாலையே மறுபடி எழுத உட்கார்ந்தேன். முடிக்க இத்தனை நாளாகிவிட்டது.

ராலண்ட், நீ புதன்கிழமை கிரீஸ் போட்டபின் அந்தப் போல்ட்டுகளைச் சரியாகத்தான் இறுக்கியிருந்தாய். வெள்ளிக்கிழமை நான் தளர்த்தும்போது என் முழு எடையையும் ஸ்பானரில் தொங்கவிட்ட பிறகுதான் அவை அசைந்தன. இது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். உன்னிடமிருந்து ஒளித்து வைத்தேன். வேலையில் நீ ஒருநாளும் கவனப்பிசகாக இருந்ததில்லை. லட்லோ போலீஸ் நிலையத்துக்கும் இதையெல்லாம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன், கையெழுத்தோடு. அவர்கள் கூப்பிட்டால் போவேன்.

என்னிடம் திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வீட்டை விட்டுப் போகச் சொன்னால் கேரிஸிடம் போகிறேன், சாவி பக்கத்துப் பண்ணையில் இருக்கும். நேரில் திட்ட வேண்டும் என்றால் ஒரு வரி போடு, கப்பல் வந்து சேரும் அபர்டீன் வரைக்கும் நானே காரில் வருகிறேன். எதுவும் வேண்டாம் என்றால் எனக்கு எழுதவே வேண்டாம். கிளைவுக்கு மட்டும் போன் செய். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பான். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிடுவான்.

நாளை திங்கள்கிழமை. காலை ஏழரைக்குத் தபால்காரர் வருவார். அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். மேஜையில் கிடந்தால் மறுபடி கிழித்துவிடுவேன்.

குளிருக்குக் கையுறை போட்டுக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன் கைகள் நன்றாக இருக்கட்டும். அந்தப் படகு எஞ்சின் இன்னும் சரியாகவில்லை என்றால், தயவுசெய்து போய்த் திறந்து பார்.

நெரிஸ்